பாடகரின் ஓய்வு நாட்கள்

சனியும் ஞாயிறும் பிறருக்கு ஓய்வு நாட்கள். இசைவாணருக்கோ உழைப்பு மிகுந்த நாட்கள். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியிலுள்ள கொக்குவிலிலும் ஒரு பாடகரின் வாழ்வு இத்தகையதே.

வைகறையில் முதற் கடமை அகார சாதகம். மந்தர ஸ்தாயியில் தொடங்கி, ஒவ்வொரு ஸ்வரத்திலும் மூச்சு அடங்கும்வரை நிலைத்து நிற்பதே அதன் முறை. குரலைச் சேமித்து வைக்க இயலாது; நாள்தோறும் புதிதாகவே ஈட்ட வேண்டும்.

அடுத்தது ஒத்திகை. இராக ஆலாபனையும் கற்பனாஸ்வரமும் மேடையிலே பிறப்பவை. அப்படியாயின் ஒத்திகை எதற்கு? பல்லவியின் எடுப்பு எங்கே விழுகிறது, காலப்பிரமாணம் யாது என்பவற்றில் பாடகரும் மிருதங்க வித்துவானும் ஒருமைப்படுவதற்கே. அந்த உடன்பாடு உறுதியாயிருந்தால்தான் கற்பனை அச்சமின்றி விரியும்.

பிற்பகல் குடும்பத்துக்கு உரியது. ஆயினும் அடுக்களையில் முணுமுணுக்கும் வர்ணத்தைக் குழந்தையின் செவி பற்றிக்கொள்கிறது. அயலிலுள்ள மருதனார்மடத்தில் 1960இல் தோன்றிய இராமநாதன் இசைக்கல்லூரியில் மகாராஜபுரம் சந்தானம் அதிபராயிருந்தார். அது பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. கல்லூரி இலக்கணத்தைக் கற்பிக்கும். செவியைப் பண்படுத்துவது வீடு.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். வீணையும் தம்புராவும் அவ்வேளையில் எளிதாகத் தூக்கிச் செல்லத்தக்க பொருள்களல்ல. மனனமான கீர்த்தனங்களோ பாடுவோருடன் சென்றன. ஆதலின், ஞாயிறு மாலையில் பிள்ளையை அருகிருத்திச் சரளிவரிசை சொல்லிக்கொடுக்கும் அரைமணி நேரம், கச்சேரி ஒத்திகைக்குச் சிறிதும் குறைந்ததன்று.