எண்ணெய்க் குளியல்... உங்கள் குட்டிப் பெண்ணோடு ஒரு மணி நேரம்!

"எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தாலே எங்க பாப்பா கட்டிலுக்கு அடியில போய்ப் புகுந்துக்கறா, டாக்டர். போதும்டா சாமின்னு ஷாம்பு போட்டு விட்டுடறேன்!"

என் கிளினிக்கில் வாரம் ஒரு தாயாவது இப்படிச் சொல்கிறார். குழந்தை ஓடுவதில் தப்பே இல்லை. நாலு வயசுப் பெண்ணை வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு எழுப்பி, ஸ்கூல் வேன் வருவதற்குள் எண்ணெயைத் தேய்த்து, சீயக்காயைக் கண்ணில் விட்டு, தலையைப் பிடித்து உலுக்கினால் எந்தப் பிள்ளைதான் ஓடாது? பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்பது நம் வழக்கம். ஸ்கூல் போகும் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வைத்துக் கொள்ளுங்கள். எண்ணெய்க்குக் கிழமை தெரியாது!

தேரையர் தன் நோயணுகா விதியில் நாலு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கு என்கிறார். உடம்பின் சூட்டைத் தணிக்கும், பித்தத்தை அடக்கும் என்பது சித்த மருத்துவத்தின் கணக்கு. இன்றைய அவசரத்தில் வாரம் ஒரு நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனால், குட்டிப் பெண் உள்ள வீட்டுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் வேறொரு லாபம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் செய்முறை. ஐந்து வயதுக் குழந்தைக்கு மூன்று, நான்கு டீஸ்பூன் நல்லெண்ணெய் தாராளம். கால் டீஸ்பூன் சீரகம் போட்டு லேசாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் எடுங்கள். வெயில் வந்த பிறகு மணையைப் போட்டு உட்கார வையுங்கள். உச்சந்தலையில் ஆரம்பித்து, காதின் பின்பக்கம், கழுத்து, முதுகு, கை, கால் என்று இறங்கி வாருங்கள். சின்னக் கிண்ணத்தில் ரெண்டு சொட்டு விட்டு அவள் கையில் கொடுத்துவிடுங்கள். பொம்மைக்குத் தேய்க்கட்டும், உங்கள் முழங்காலில் தேய்க்கட்டும். சேலை பாழாகும்தான், பழைய சேலையைக் கட்டிக் கொள்ளுங்களேன்! அப்பாக்களும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வரலாம். எண்ணெயும் நுரையுமாக இருக்கும் முடியில் ரெண்டு கொம்பு பிடித்து விட்டு கண்ணாடியைக் காட்டுங்கள். அடுத்த வாரம் அவளே கிண்ணத்தைத் தூக்கிக் கொண்டு வருவாள்.

இருபது நிமிஷம் ஊறினால் போதும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். இந்த வரிசை மாறி, கொதிக்கிற வெந்நீர் வாளியில் குழந்தை கையை விட்ட வீடுகள் உண்டு. சீயக்காய்த் தூளை வடித்த கஞ்சியில் கெட்டியாகக் குழைத்து, அவளை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கண்மேல் மடித்த துண்டை அவளையே பிடித்துக் கொள்ளச் சொல்லுங்கள். எரிச்சல் தாங்காத பிள்ளைக்கு உடம்புக்குப் பாசிப்பயறு மாவே போதும். எண்ணெய் சிந்திய தரையை உடனே கழுவி விடுங்கள்.

இப்போது லாபத்துக்கு வருகிறேன். வாரம் முழுக்க உங்கள் குழந்தையைக் கண்ணால் பார்க்கிறீர்கள். இந்த ஒரு மணி நேரம்தான் கையால் பார்க்கிறீர்கள். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் முடியோடு ஒட்டிய வெள்ளைப் புள்ளி ஈறா, பொடுகா? தள்ளினால் நகராமல் ஒட்டிக் கொண்டிருந்தால் ஈறுதான். எண்ணெயோடேயே பேன் சீப்பால் வாருங்கள். ஈறு பொரிய ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் ஒரு தடவையோடு நிறுத்தக் கூடாது. கரப்பான் பூச்சி மருந்தைத் தலையில் தடவுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. கழுத்தில் பட்டாணி மாதிரி நெறி கட்டியிருந்தால் பேன் புண்ணாலும் இருக்கலாம்; ரெண்டு வாரத்துக்கு மேல் கரையாமல் இருந்தாலோ, பெரிதானாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. 'நம்ம வீட்டில் நெய்யும் பாலும் ஓடுதே' என்று வசதியான குடும்பங்கள் ஏமாற வேண்டாம். பாலையே குடித்துச் சாப்பாட்டைத் தள்ளும் குழந்தைக்கும் இது வரும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாய், ஆறு வயதுப் பெண்ணோடு வந்தார். "எண்ணெய் தேய்க்கும்போது முதுகெல்லாம் கூசுது கூசுதுன்னு குதிக்கிறா டாக்டர். இந்த ஒரு இடத்துல மட்டும் சிரிக்கவே மாட்டேங்கறா" என்றார். தோள்பட்டைக்குக் கீழே ரூபாய் அளவில் வெளிறிய படை. அரிப்பு இல்லை. பாட்டி தேமல் என்று குப்பைமேனி அரைத்துப் போட்டிருக்கிறார். குழந்தையைக் கண்ணை மூடச் சொல்லி பஞ்சால் தொட்டேன். சுற்றிலும் தொட்டபோது சரியாகச் சொன்னவள், படையில் தொட்டபோது பேசாமல் இருந்தாள். உணர்ச்சி இல்லாத படை என்றால் தொழுநோயை நினைத்தே ஆக வேண்டும். ஒரு தைலத்தைக் கொடுத்துக் கையில் வைத்துக் கொள்ளாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அதுதான் என்று உறுதியானது. ஆறு மாத மாத்திரை, முழுக்க இலவசம். பெண் நன்றாக இருக்கிறாள். கையிலோ காலிலோ ஒரு குறையும் இல்லை. கண்டுபிடித்தது நானல்ல, அந்தத் தாயின் எண்ணெய்க் கை. எல்லாப் படையும் இது அல்ல, பயப்படாதீர்கள். பெரும்பாலானவை சாதாரணத் தேமல்தான். ஆனால், கூச்சம் தெரிகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

இன்னொன்றும் இந்த நேரத்தில்தான் இயல்பாகச் சொல்ல முடியும். "இந்த இடத்தை நீயே கழுவணும் கண்ணு. அம்மா, அப்பா, டாக்டர் தவிர யாரும் தொடக் கூடாது. தொட்டா அம்மாகிட்ட ஓடி வந்து சொல்லு. அம்மா திட்டவே மாட்டேன்." ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள், முக்கியமாகக் கடைசி வார்த்தையை. உதவி தேவைப்பட்டால் 1098 என்ற எண் இருக்கிறது.

பாட்டிகள் கோபித்துக் கொண்டாலும் சிலதை விட்டுத்தான் ஆக வேண்டும். கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். நசியம் எங்கள் மருத்துவத்தில் உண்டே என்பீர்கள். அது ஆள் பார்த்து, அளவு பார்த்து வைத்தியர் செய்வது. சளிக்குச் சூடத்தை எண்ணெயில் கரைத்துத் தடவும் பழக்கமும் வேண்டாம். கற்பூரம் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். வீசிங் உள்ள பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது. வெயிலில் நின்று தலையைக் காய வைத்தாலே போதும். காய்ச்சல், கபம், வயிற்றுப்போக்கு இருக்கும் வாரம் எண்ணெய்க்கு லீவு.

குளித்து வந்ததும் பசி பிடுங்கும். சுடச்சுடக் குழைந்த சாதம், மிளகு ரசம், ஒரு துளி நெய், பருப்புத் துவையல். வாரம் முழுக்கத் தட்டைத் தள்ளியவள் அன்றைக்கு இன்னொரு கரண்டி கேட்பாள், பாருங்கள். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்பது பெரியவர்களுக்குச் சொன்ன விதி. தலைமுடி நன்றாகக் காய்ந்திருந்தால், உங்கள் மடியில் சாய்ந்து சொக்கும் நாலு வயசுக்காரியை எழுப்பாதீர்கள்.