எந்த லேசர்? கார்னியா சொல்லும் கணக்கு

கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று முடிவெடுத்துக் கண் மருத்துவமனைக்குப் போகிறவர் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். லேசிக், பிளேடு இல்லாத லேசிக், காண்டூரா, ஸ்மைல், ஸ்மைல் புரோ, பிஆர்கே, டிரான்ஸ் பிஆர்கே என்று பட்டியல் நீளும். பெயருக்குப் பெயர் விலையும் மாறும். விலை கூடியதுதான் உசத்தி, கடைசியாக வந்ததுதான் சிறந்தது என்று மனம் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். டிவி, செல்போன் வாங்கும்போது அந்த யோசனை ஓரளவு சரியாக இருக்கலாம். இங்கே அது உதவாது.

இத்தனை பெயர்களுக்கும் அடியில் இருப்பவை மூன்றே முறைகள். மூன்றும் செய்வது ஒரே வேலை: கார்னியாவின் வளைவை மாற்றுவது. சாதாரண கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குச் சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் மூன்றின் பலனும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? உங்கள் கார்னியாவின் கனம், அதன் வடிவம், அதற்கு அடுத்ததாக உங்கள் வேலை. இந்த வரிசை மாறக் கூடாது.

கருவிழியின் மேல் மூடியிருக்கும் நிறமற்ற தெளிந்த படலம்தான் கார்னியா. நடுப்பகுதியில் அதன் கனம் சராசரியாக அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், சுமார் 540 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான். சிலருக்கு 480 இருக்கும், சிலருக்கு 600 இருக்கும். கண்ணுக்குள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்த மெல்லிய படலமே செய்கிறது. கிட்டப்பார்வை உள்ளவரின் கண், குவிக்கும் ஆற்றலுக்குப் பொருந்தாமல் சற்று நீண்டிருக்கும். அதனால் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடும். கார்னியாவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் குவியும் இடம் பின்னுக்குப் போய் விழித்திரையில் விழும். தூரப்பார்வைக்கு ஓரத்தைச் செதுக்கி நடுப்பகுதியை மேடாக்குவார்கள். சிலிண்டர் பவருக்கு ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் செதுக்குவார்கள்.

கார்னியாவின் மேல்தோல் சுமார் 50 மைக்ரான். கீறினாலும் உரித்தாலும் சில நாட்களில் வளர்ந்து மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே இருக்கும் ஸ்ட்ரோமா என்ற அடுக்குதான் கார்னியாவின் உடம்பு. கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். லேசர் செதுக்குவதும் அதைத்தான். அங்கே எடுத்தது எடுத்ததுதான், மறுபடி வளராது. பின்னால் சொல்லப்போகும் கணக்கெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

இந்த லேசர் பிறந்த கதையில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். ரங்கசாமி சீனிவாசன் 1929-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா சென்று, நியூயார்க் மாநிலத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் வேதியியலாளராக இருந்தார். 1981 நவம்பரில், நன்றி நவிலல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதன்மேல் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி அது. குருத்தெலும்பில் ஒளி பட்ட இடம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி பள்ளமாயிற்று. பக்கத்துத் திசு கருகவில்லை, சுருங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பச்சை நிற லேசரைப் பாய்ச்சியபோது அந்த இடம் தீய்ந்துபோனது. புற ஊதா ஒளித்துகளுக்கு மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுக்கும் ஆற்றல் உண்டு. அறுபட்ட துணுக்குகள் சிதறிப் பறக்கும்போது வெப்பத்தையும் தம்மோடு கொண்டுபோய்விடுகின்றன. ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் திசு மட்டுமே போகும். இவ்வளவு நுட்பமாக எந்தக் கத்தியாலும் சீவ முடியாது.

சீனிவாசனும் அவருடைய சகாக்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரும் கண்டறிந்த இதை, ஸ்டீபன் டிரோக்கல் என்ற நியூயார்க் கண் மருத்துவர் கார்னியாவுக்குக் கொண்டுவந்தார். 1983-இல் அவரும் சீனிவாசனும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். 2013-இல் வெள்ளை மாளிகை விழாவில் சீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கப்பட்டது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கண்களைத் தொட்ட கண்டுபிடிப்பு இது. சீனிவாசனின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

இனி அந்த மூன்று முறைகளைப் பார்ப்போம்.

முதலில் வந்தது பிஆர்கே. 1988-இல் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற அமெரிக்க மருத்துவர், பார்வையுள்ள கண்ணில் இதைச் செய்து காட்டினார். கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு, நேரடியாக ஸ்ட்ரோமாவின் மேற்பரப்பை எக்ஸைமர் லேசரால் செதுக்குவதுதான் முறை. மேல்தோலை ஆல்கஹால் கரைசலால் இளக்கி வழிப்பார்கள். அதையும் லேசரே எடுத்துவிட்டால் அது டிரான்ஸ் பிஆர்கே. வேலை முடிந்ததும் பேண்டேஜ் லென்ஸ் ஒன்றை வைத்து அனுப்புவார்கள். தோல் மூட நான்கைந்து நாள் ஆகும். முதல் இரண்டு மூன்று நாள் வலி, எரிச்சல், கண்ணீர், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் எல்லாம் இருக்கும். பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், முழுதாக நிலைக்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அதிகப் பவருக்குச் செய்யும்போது கார்னியாவில் மங்கல் படியும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தைச் சில விநாடிகள் வைத்துத் துடைப்பார்கள். கொஞ்ச காலம் வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக் கூடாது.

இந்த வலியையும் காத்திருப்பையும் தவிர்க்க வந்ததுதான் லேசிக். கிரேக்கத்தின் கிரீட் தீவைச் சேர்ந்த இயோனிஸ் பல்லிகாரிஸ் இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். கார்னியாவின் மேற்பகுதியில் சுமார் 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மடலை வெட்டி, ஒரு பக்கம் ஒட்டியபடியே புரட்டி வைப்பார்கள். அடியில் தெரியும் ஸ்ட்ரோமாவை எக்ஸைமர் லேசர் செதுக்கும். அப்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கும், முடி பொசுங்குகிற வாடை வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதறமாட்டீர்கள். பிறகு மடலை உப்புநீரால் கழுவிப் பழைய இடத்திலேயே படியவைத்து, ஈரப் பஞ்சால் ஓரம் நீவிவிடுவார்கள். தையல் கிடையாது. மறுநாள் காலையிலேயே சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரியும். அந்த மகிழ்ச்சிதான் லேசிக்கை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தொடக்கத்தில் மடலை வெட்டியது அதிர்ந்து நகரும் ஒரு சிறு பிளேடு. இப்போது பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசர் அந்த வேலையைச் செய்கிறது. திசுவுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான நுண்குமிழிகளை வரிசையாக உண்டாக்கி ஒரு தளமாகப் பிரித்துவிடும். பிளேடு இல்லாத லேசிக் என்பது இதுதான். காண்டூரா என்பதும் தனி அறுவை அல்ல. கார்னியாவின் மேடுபள்ளங்களை அளந்த வரைபடத்தைப் பார்த்து லேசர் செதுக்குகிறது. மடல் வெட்டுவது முதல் மூடுவது வரை எல்லாம் லேசிக்தான். கார்னியா சீரற்று இருப்பவர்களுக்கு அது நல்ல பலன் தரும். எல்லோருக்கும் அவசியமா என்றால், இல்லை என்பதே என் கருத்து.

மூன்றாவது ஸ்மைல். ஜெர்மனியில் வால்டர் செகுண்டோ, மார்கஸ் பிளம் ஆகியோர் வளர்த்தெடுத்தது. அமெரிக்காவில் 2016-இல் அனுமதி பெற்றது. இதில் எக்ஸைமர் லேசரே இல்லை. ஃபெம்டோசெகண்ட் லேசர் கார்னியாவின் உள்ளேயே மெல்லிய வட்டு ஒன்றை வெட்டிவிடும். மேலே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் கீறல் ஒன்று போட்டு, அதன் வழியே அந்த வட்டை மருத்துவர் உருவி எடுப்பார். மடலே கிடையாது. கார்னியாவின் நரம்புகள் குறைவாக அறுபடுவதால் முதல் சில மாதங்களில் கண் வறட்சி லேசிக்கைவிடக் குறைவு. ஆனால் பார்வை தெளிய லேசிக்கைவிடச் சில நாள் கூடுதலாக ஆகலாம். பின்னால் கொஞ்சம் பவர் மிஞ்சிவிட்டால் அதே வழியில் மறுபடி நுழைந்து எடுப்பது எளிதல்ல. பெரும்பாலும் பிஆர்கே செய்துதான் சரிசெய்வார்கள். இது முக்கியமாகக் கிட்டப்பார்வைக்கும் அதோடு சேர்ந்த சிலிண்டருக்கும் உரிய முறை. ஸ்மைல் புரோ என்பது இதையே பத்து விநாடி அளவில் முடிக்கிற புதிய இயந்திரம்.

இப்போது கணக்கு. ஒரு டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) குறைக்க, செதுக்கும் வட்டத்தின் விட்டம் 6.5 மில்லிமீட்டர் என்றால் சுமார் 14 மைக்ரான் எடுக்க வேண்டும். மைனஸ் 5 பவர், கார்னியா 530 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். செதுக்கல் 70, லேசிக் மடல் 110. மடல் திரும்ப ஒட்டினாலும் பழைய வலு வராது என்பதால் அதையும் கழிக்க வேண்டும். மீதி 350. அடியில் தொடாமல் விடும் திசு 250 மைக்ரானுக்குக் குறையவே கூடாது என்பது பொதுவிதி. 300 வேண்டும் என்கிற மருத்துவர்களும் உண்டு. ஆகவே இவர் லேசிக் செய்துகொள்ளலாம்.

இன்னொருவருக்கு மைனஸ் 8, கார்னியா 490. செதுக்கல் 112, மடல் 110. மீதி 268. விதிப்படி தேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் மொத்தக் கனத்தில் 45 சதவீதத்தை லேசிக் குலைத்துவிடுகிறது. 40 சதவீதம் தாண்டினாலே ஆபத்து கூடுகிறது என்பதால், கவனமுள்ள மருத்துவர் இங்கே வேண்டாம் என்பார். ஸ்மைலிலும் மேல்மூடியின் கனத்தோடு, உருவி எடுக்க வசதியாக வட்டில் பத்துப் பதினைந்து மைக்ரான் கூடுதலாக வைத்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும். பிஆர்கேயில் மடல் இல்லை என்பதால் திசு மிஞ்சும், ஆனால் இந்த அளவு பவருக்கு மங்கல் பயம் இருக்கிறது. இவருக்கு நல்ல வழி லேசரே இல்லாத ஐசிஎல்: கண்ணுக்குள் கருவிழிக்குப் பின்னால் மெல்லிய லென்ஸ் ஒன்றை வைப்பது. கார்னியாவின் கனம் அப்படியே இருக்கும், தேவைப்பட்டால் லென்ஸைத் திரும்ப எடுக்கவும் முடியும்.

கனம் போதும் என்றாலும் வடிவம் தடுக்கலாம். கெரட்டோகோனஸ் என்ற நோயில் கார்னியா வலுவிழந்து கூம்பு மாதிரி முன்னே துருத்தும். கண்ணை அடிக்கடி கசக்குகிறவர்களிடம், அலர்ஜி உள்ளவர்களிடம் இது அதிகம். ஆரம்ப நிலையில் கண்ணாடி போட்டால் பார்வை சரியாகவே இருக்கும், நோய் இருப்பதே தெரியாது. அந்தக் கண்ணில் லேசர் பட்டால் நோய் வேகமெடுத்து, கண்ணாடி போட்டாலும் தெளியாத நிலைக்குக் கொண்டுபோகும். பென்டாகாம் போன்ற கருவிகள் கார்னியாவின் முன்பக்கத்தோடு பின்பக்க வளைவையும் அளந்து இதைக் கண்டுபிடிக்கின்றன. இந்தச் சோதனைக்கு முன் சாஃப்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரமும், ஹார்ட் லென்ஸை மூன்று நான்கு வாரமும் கழற்றி வைத்திருக்க வேண்டும். லென்ஸ் அழுத்திய கார்னியா தப்பான அளவைக் காட்டும். வந்த அன்றே சோதனை, மறுநாளே அறுவை என்று அவசரப்படுத்தும் இடத்தை நம்பாதீர்கள்.

கனமும் வடிவமும் மூன்று முறைக்கும் இடம் தந்தால் மட்டுமே உங்கள் வாழ்க்கைமுறை பேச வரும். ஏசி அறையில் நாள் முழுக்கக் கணினி பார்த்துக் கண் ஏற்கெனவே உலர்ந்திருப்பவர் முதலில் வறட்சிக்கு மருத்துவம் பார்க்கட்டும். பிறகு ஸ்மைலையோ பிஆர்கேயையோ யோசிக்கலாம். கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கு மடல் இல்லாத முறையே நல்லது, பலத்த அடி பட்டால் ஆண்டுகள் கழித்தும் மடல் நகரலாம். அடுத்த வாரமே வேலைக்குப் போயாக வேண்டும், வலியும் கூடாது என்பவருக்கு லேசிக் பொருந்தும். ரயில்வே, ராணுவம், விமானப்படை வேலைக்கு முயல்கிறவர்கள் அந்தந்த அறிவிக்கையின் மருத்துவ விதிகளைப் படித்துவிட்டே கண்ணைத் தொட வேண்டும்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள், கடந்த ஓராண்டில் பவர் ஏறியவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் பொறுத்திருக்க வேண்டும்.

லேசர் செய்யாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும், படிக்கக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படித்துப் பழகிய கிட்டப்பார்வைக்காரருக்கு அந்தச் சலுகை லேசருக்குப் பின் போய்விடும். நீண்ட கண் நீண்டபடியேதான் இருக்கும் என்பதால் விழித்திரை கிழியும் ஆபத்தும் பழையபடியே இருக்கும். பவர் போய்விட்டது என்று ஆண்டுப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். கார்னியா மெலிந்திருப்பதால் கண் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். யாரிடம் காட்டினாலும் லேசர் செய்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

முப்பது நாற்பது ஆண்டு கழித்துக் கண்புரை வரும். அப்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிட, லேசருக்கு முன் உங்கள் கார்னியாவின் வளைவும் கண்ணாடிப் பவரும் எவ்வளவு இருந்தன என்பது பெரிதும் உதவும். அன்றைக்கு அந்த மருத்துவமனை இருக்குமோ, கணினியில் பதிவு இருக்குமோ, சொல்ல முடியாது. எனவே அறுவைக்கு முந்தைய பென்டாகாம் அறிக்கை, பவர் சீட்டு, எந்த முறையில் எத்தனை மைக்ரான் எடுத்தார்கள் என்ற விவரம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி, படிப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.