கரப்பானில் குடியேறும் பொன்னிறக் கிருமி

பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் பொம்மசந்திரா தாண்டினால் சந்தாபுரா. ஆனேக்கல் பக்கம் திரும்பும் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள். பலவற்றுக்குத் தண்ணீர் என்றால் ஆழ்துளைக் கிணறு, அது காய்ந்தால் டேங்கர் லாரி. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமிருந்து பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். குழந்தையின் முழங்கை மடிப்பு சிவந்து, சொரசொரப்பாகி, ராத்திரி முழுக்க அரிப்பெடுத்தால் முதல் பழி அந்தத் தண்ணீர் மேல்தான் விழும். ஊரிலிருந்து வந்த பாட்டி "இது கரப்பான்" என்பார். கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தச் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் எடுத்து நீட்டுவார்கள்.

தோல் டாக்டர் இதற்குச் சொல்லும் பெயர் அடோபிக் டெர்மடைடிஸ். எக்ஸிமா என்றால் எல்லோருக்கும் புரியும். ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உள்ள குடும்பங்களில் அதிகம் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அடங்கியது போல் இருந்து மறுபடி கிளம்பும்.

தண்ணீர் மேல் போடும் பழியில் கொஞ்சம் நியாயம் உண்டு. உப்பு நீரில் சோப்பு சரியாக நுரைக்காது, கழுவினாலும் தோலில் தங்கிவிடும், தோலை உலர்த்தும். கடினநீர் உள்ள ஊர்களில் எக்ஸிமா கூடுதலாக இருப்பதைப் பிரிட்டனில் கவனித்தார்கள். பிறகு ஒரு சோதனையும் செய்து பார்த்தார்கள்: எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளில் பாதிப் பேரின் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தி, 12 வாரம் கவனித்தார்கள். 2011இல் முடிவு வந்தது. கருவி வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் நோயில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை. ஆயிரக்கணக்கில் செலவழித்து 'சாஃப்ட்னர்' மாட்ட நினைக்கும் சந்தாபுராக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. துணி வெளுக்கும், குழாய் அடைக்காது. எக்ஸிமா ஆறும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

அப்படியென்றால் கோளாறு எங்கே? பெரும்பகுதி தோலின் மதில் சுவரில். மேல்தோலை இறுக்கிக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதம் ஒன்று இருக்கிறது. அதற்கான மரபணுவில் ஏற்படும் பழுது எக்ஸிமாவுக்கு வழி விடுகிறது என்பதை ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மக்லீன் குழுவினர் 2006இல் காட்டினார்கள். இந்தப் புரதம் சிதைந்து உண்டாகும் பொருள்கள்தான் தோலை லேசான புளிப்புத் தன்மையில் வைத்திருக்கின்றன. புரதம் குறைந்தால் தோலில் ஈரம் நிற்காது, புளிப்பும் போகும். பூசாத சுவரில் ஆலஞ்செடி முளைப்பது போல, அந்த இடத்தில் ஒரு பாக்டீரியா வந்து வேர் பிடிக்கிறது.

அதன் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1880களின் தொடக்கத்தில் சீழை நுண்ணோக்கியில் பார்த்து, திராட்சைக் குலை போலத் தெரிந்ததால் வைத்தது இந்தப் பெயரின் முற்பாதி. 1884இல் ஜெர்மானியரான ரோசன்பாக் அதை வளர்த்துப் பார்த்தபோது பொன்னிறமாகப் பூத்தது, 'ஆரியஸ்' சேர்ந்துகொண்டது. நல்ல ஆரோக்கியம் உள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்கிலேயே இது சாதுவாகக் குடியிருக்கிறது. எக்ஸிமாக்காரர்கள் விஷயம் வேறு. நோயாளிகளின் புண்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இது இருப்பதாக 1974இல் அமெரிக்காவில் லைடன், மார்பிள்ஸ், கிளிக்மன் மூவரும் எழுதினார்கள். 95 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கட்டுரை கொஞ்சம் நிதானமான கணக்கு தருகிறது: புண் உள்ள தோலில் 70 சதவீதம், நோயாளிகளின் புண்ணில்லாத தோலில் 39 சதவீதம்.

கிருமியால் நோயா, நோயால் கிருமியா? இந்த வழக்கு ஐம்பது வருடமாக நடக்கிறது. சிங்கப்பூரில் நிரஞ்சன் நாகராஜனும் ஜான் காமனும் இருந்த குழு ஒரு தந்திரம் செய்தது. நோய் அடங்கி, தோல் பார்க்க நன்றாக இருக்கும் நாட்களில் முழங்கை மடிப்பில் ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து, அதிலிருந்த டிஎன்ஏ முழுவதையும் படித்தார்கள். 2016இல் வெளியான முடிவின்படி, அடங்கிய காலத்திலும் எக்ஸிமாக்காரர் தோலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம் மற்றவர்களுடையதைப் போல் இல்லை. ஆக, அடுத்த முறை நோய் கிளம்புவதற்கான மண் முன்பே பதப்பட்டுக் கிடக்கிறது.

குடியேறிய பிறகு கிருமி சும்மா இருப்பதில்லை. அதன் டெல்டா நச்சு, ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்களை உசுப்பிவிடும் என்று 2013இல் தெரிந்தது. அதைவிட வியப்பானது 2023இல் ஹார்வர்டின் ஐசக் சியூ குழு கண்டது. அரிப்பு என்றால் வீக்கத்தின் உபவிளைவு என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். இந்தக் கிருமி விடும் வி8 என்ற நொதி, எலிகளின் தோல் நரம்பிலுள்ள பார்1 என்ற புரதத்தை நேரடியாக வெட்டி அரிப்பைத் தூண்டியது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்1ஐ அடைத்ததும் எலிகள் சொறிவதைக் குறைத்துக்கொண்டன. சொறியச் சொறியச் சுவர் இடிகிறது. இடிந்த இடத்தில் இன்னும் கிருமி.

கிருமி என்று தெரிந்துவிட்டதே, ஆன்டிபயாடிக் கொடுத்தால் தீராதா? எல்லோரும் கேட்கும் கேள்விதான். பிரிட்டனில் கிருமித்தொற்று போலத் தோன்றிய லேசான எக்ஸிமா உள்ள 113 குழந்தைகளிடம் சோதித்தார்கள். வாய்வழி ஆன்டிபயாடிக், ஆன்டிபயாடிக் களிம்பு, வெற்று மருந்து என மூன்று பிரிவு. எல்லோருக்கும் வழக்கமான ஸ்டீராய்டு களிம்பும் ஈரப்பதக் களிம்பும் உண்டு. 2017இல் வெளியான முடிவு: ஆன்டிபயாடிக்கால் கூடுதல் பயன் தெரியவில்லை. வீக்கத்தை அடக்கிச் சுவரைப் பூசினாலே கிருமி தானாகக் குறைகிறது. நல்ல பாக்டீரியாவைக் கொண்டே விரட்டும் முயற்சியும் நடக்கிறது. சான் டியாகோவில் ரிச்சர்டு கேலோ குழு, ஸ்டாஃபிலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற சாதுவான வகையை 54 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்டது. பொன்னிறக் கிருமி குறைந்தது. நோயின் தீவிரம் மொத்தத்தில் பெரிதாகக் குறையவில்லை.

தேங்காய் எண்ணெய்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2008இல் பிலிப்பைன்ஸில் 52 பெரியவர்களைப் பிரித்துச் சிலருக்குத் தேங்காய் எண்ணெயும் சிலருக்கு ஆலிவ் எண்ணெயும் பூசச் சொன்னார்கள். நான்கு வாரத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிரிவில் கிருமி இருந்த 20 பேரில் ஒருவரிடமே அது மிஞ்சியது. ஆலிவ் பிரிவில் 12 பேரில் 6 பேரிடம் தங்கிவிட்டது. சின்ன ஆய்வு, அந்த அளவுக்கே நம்பலாம். ஆனாலும் பாட்டியின் பத்தியத்தைவிட அவர் கையிலிருக்கும் எண்ணெய்க் கிண்ணத்துக்கு ஆதாரம் அதிகம்.

மெடிக்கல் ஷாப் டியூபுக்கு வருவோம். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் இந்தியா முழுக்கச் சர்வசாதாரணமாக விற்றன. டாக்டர் அளந்து கொடுக்கும் ஸ்டீராய்டு எக்ஸிமாவுக்கு நல்ல மருந்து. கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், முகம் சிவந்து எரியும். தேவையில்லாத ஆன்டிபயாடிக்கோ கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும். தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து போராடியபின், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச் பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது.

எனவே வீட்டில் அரைகுறையாகப் பிதுக்கிய டியூப் இருந்தால் அட்டையில் 'குளோபெட்டசால்', 'பீட்டாமெத்தசோன்' என்ற ஸ்டீராய்டுகளின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டாக்டரிடம் காட்டாமல் குழந்தைக்குத் தடவாதீர்கள். புண்ணில் மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தாலோ, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.