வருஷம் பிறந்தால் மனசும் புதுசாகுமா?



"வருஷம் பொறக்கட்டும், இனி கசிப்பைத் தொடமாட்டேன்." "சித்திரையிலயிருந்து கடைக் கடனே வேணாம்." லயத்துக்கு லயம் நாம் கேட்கும் பேச்சு இது. வைகாசிக்குள் பல வீடுகளில் அது பழங்கதையாகி விடுகிறது. ஆனாலும் அடுத்த வருஷமும் அதையே சொல்கிறோம். ஏன்?

ஏப்ரல் 13 அல்லது 14ஆம் திகதி சூரியன் மேஷ ராசிக்குள் புகும்போது நமக்குப் புதுவருஷம். காம்பராவைக் கழுவி, புதுத்துணி உடுத்தி, பெரியவர்களிடம் கைவிசேஷம் வாங்குகிறோம். சிங்கள மக்களும் நல்ல நேரம் பார்த்து அடுப்பு மூட்டி, கொடுக்கல் வாங்கலைத் தொடங்குகிறார்கள். சுற்றிலும் எல்லாம் புதுசாக இருக்கும்போது, 'போன வருஷத்து ஆள் வேற, நான் வேற' என்று மனசுக்கும் ஒரு தைரியம் வருகிறது. 2014இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும் இதைக் காட்டியது. வருஷம் மட்டுமல்ல, மாதமும் வாரமும் தொடங்கும்போதுகூட உடற்பயிற்சிக்குப் போகிறவர்கள் கூடுகிறார்களாம்.

ஆகவே அந்த ஆசை பொய்யில்லை. ஆனால் நல்ல நாள் தைரியத்தைத்தான் தரும். வேலையை நாம்தான் செய்யவேண்டும். கவ்வாத்து வெட்டிய மலையைப் பாருங்கள். மறுநாளே கொழுந்து எடுக்க முடியுமா? வேரிலுள்ள சத்தைக் கொண்டு செடி துளிர்த்துவர மாதக்கணக்கு ஆகும். அதுவரை பொறுத்திருக்கிறோம். நம் மனசுக்கும் அந்தத் தவணை வேண்டும்.

இதற்குச் சில யோசனைகள்:

1. ஒன்றை மட்டும், சின்னதாகத் தொடங்குங்கள். கடனை ஒரேயடியாக நிறுத்துவது கஷ்டம். கடைக் கொப்பியில் எழுதுவதை முதலில் பாதியாகக் குறைக்கலாம்.

2. கணவனும் மனைவியும் சம்பளத் துண்டைச் சேர்ந்து பாருங்கள். முற்பணத்துக்குக் கழிந்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று தெரிந்த பிறகு செலவை முடிவு செய்யுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு உரியதை முதலில் எடுத்து வையுங்கள்.

3. வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்புகூட வரலாம். டொக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

4. ஒருநாள் தவறிவிட்டால் "அவ்வளவுதான், போச்சு" என்று கைவிட வேண்டாம். வீட்டிலுள்ளவர்களும் குத்திக்காட்ட வேண்டாம். அடுத்த சித்திரை வரை காத்திருக்கவும் தேவையில்லை. வருஷம் ஒரு தடவைதான் பிறக்கும். சம்பள நாள் 12 தடவை வரும். அன்றும் ஒரு நல்ல தொடக்கம்தான்.