நடமாடும் பயனர் கோவையும் அதன் கோளாறுகளும்

ஒருவர்க்கு ஒரு கணினி என்னும் ஒழுங்கு எல்லா அலுவலகங்களிலும் இல்லை. வங்கியிற் காலையில் ஒரு கருமபீடத்தில் இருந்தவர் பிற்பகலில் மற்றொன்றுக்கு மாறுவர். கல்லூரிக் கணினிக்கூடத்தில் மாணவர் கிடைத்த இருக்கையில் அமர்வர். எங்கே அமர்ந்தாலும் தம் கோப்புகளும் தாம் வகுத்த ஒழுங்குகளும் தம்மைத் தொடர்ந்து வருதல் வேண்டும் என்னும் தேவையை நிறைவேற்ற விண்டோஸ் முறைமையில் அமைந்ததே ஆங்கிலத்தில் ‘றோமிங் யூசர் புறொபைல்’ எனப்படுவது. ஈண்டு அதனை நடமாடும் பயனர் கோவை என வழங்குவோம்.

விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது. தவணை தொடங்கும்போது வீட்டிலிருந்து றங்குப் பெட்டி விடுதிக்கு வரும். தவணை முடிந்ததும் வீட்டிற்கு மீளும். அவ்வாறே, புகுபதிகை செய்யும்போது சேவையகத்திலுள்ள கோவை நம் முன்னுள்ள கணினிக்குப் படியெடுக்கப்படுகின்றது. விடுபதிகை செய்யும்போது, நாம் செய்த மாற்றங்கள் சேவையகத்துக்குப் படியெடுக்கப்படுகின்றன. ஆயின், ஒரு வேறுபாடு உண்டு. பெட்டி ஒன்றே; கோவைக்கோ இரண்டு படிகள் உள. ஆதலாற் கோளாறு நேர்ந்தவிடத்து முதலிற் கேட்கவேண்டிய வினா ஒன்றே: பிழை நேர்ந்தது வருகையிலா, தங்குமிடத்திலா, மீட்சியிலா? இதனைத் துணியாது எதனையும் அழித்தல் ஆகாது.

தங்குமிடத்தில் நேரும் பிழையே மிகக் கொடியது. காலையிற் கணினியைத் திறந்தவர்க்குப் பழகிய முகப்புத்திரை காணப்படாது. வெறுந்திரையும், தற்காலிகக் கோவையிற் புகுந்துள்ளீர் என்னும் சிறு அறிவித்தலும் தோன்றும். பலர் அவ்வறிவித்தலைப் பொருட்படுத்தாது மாலைவரை வேலை செய்வர். தற்காலிகக் கோவையிற் சேமித்தவை யாவும் விடுபதிகையோடு அழிந்துவிடும். ஒரு நாளின் உழைப்பு முழுவதும் அவற்றோடு போய்விடும். ஆதலின், அவ்வறிவித்தலைக் கண்டவர் வேலையைத் தொடங்காது பொறுப்பாளர்க்கு அறிவித்தல் வேண்டும். தொடங்கியிருப்பின், விடுபதிகை செய்வதற்கு முன் தம் கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறையிலோ வேறோரிடத்திலோ படியெடுத்து வைத்தல் வேண்டும்.

இந்நிலை ஏன் நேர்கின்றது? பயனரின் ஒழுங்குகளுட் பெரும்பாலானவை ‘என்ரியூசர்.டாற்’ என்னும் கோப்பில் உள. அது பழுதுற்றாலோ, வேறொரு மென்பொருள் அதனை விடாது பற்றியிருந்தாலோ, கோவையைத் திறத்தல் இயலாது. மற்றொரு காரணம் மனிதர் கையால் நேர்வது. இடம் போதாதென்று எண்ணிப் பயனரின் கோப்புறையை மட்டும் அழிப்போர் உளர். கோப்புறை போயினும், ‘றெஜிஸ்றி’ என்னும் பதிவேட்டில் ‘புறொபைல் லிஸ்ற்’ பகுதியிலுள்ள குறிப்பு நிலைத்திருக்கும். குறிப்பு உண்டு, கோப்புறை இல்லை என்னும் அம்முரணே தற்காலிகக் கோவைக்கு வழிகோலும். அப்பகுதியில் ஒரு பயனரின் குறிப்பு ‘.பாக்’ என்னும் ஈறு பெற்றிருப்பின் நோயின் இடம் தெளிவாயிற்று. கணினியிலுள்ள கோவையை நீக்கவேண்டின், கணினியின் உயர்நிலை அமைப்புகளிலுள்ள ‘யூசர் புறொபைல்ஸ்’ சாளரத்தின் வழியே நீக்குக. அது கோப்புறையையும் குறிப்பையும் ஒருங்கே நீக்கும். நீக்குமுன், சேவையகத்திலுள்ள படி முழுமையானதா என உறுதிசெய்க. ‘அப்டேற்றா’ கோப்புறையின் ‘லோக்கல்’ பகுதி இயல்பாகச் சேவையகத்துக்குச் செல்வதில்லை. அதிலுள்ளவற்றை வேறாகப் படியெடுத்து வைத்தல் வேண்டும்.

இனி, வருகைப் பிழை. சேவையகத்திலுள்ள படியை அடைய இயலாதபோது கணினி தன்னிடமுள்ள பழைய படியைக் கொண்டு பணியாற்றும். சேவையகக் கோப்புறையை அதே கணினியிலிருந்து கையாற் திறந்து பார்த்தல் முதற் சோதனை. திறக்கவில்லையெனின், பிழை வலையமைப்பிலோ அனுமதியிலோ உளது. திறந்தும் கோவை வரவில்லையெனின், கோப்புறையின் உரிமையாளர் யாரெனப் பார்க்க. அவர் அப்பயனராகவோ நிருவாகிகள் குழுவாகவோ இல்லாவிடின், விண்டோஸ் அக்கோவையை ஏற்க மறுக்கும். கோவைகளைப் புதிய சேவையகத்துக்கு மாற்றியபின் இது நேர்வதுண்டு.

புதிய கணினியில் எல்லாம் வெறுமையாய்த் தோன்றினும் உடனே கலங்குதல் வேண்டா. விண்டோஸ் பதிப்புக்கேற்பக் கோவையின் அமைப்பு வேறுபடும். கோப்புறைப் பெயரின் ஈறும் வேறுபடும். விண்டோஸ் 7இல் அது ‘வி2’. 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் முதற்பதிப்பில் ‘வி5’. 2016இல் வந்த 1607 பதிப்பில் ‘வி6’. ஒன்றிலுள்ளது மற்றொன்றிற் தோன்றாது. பழைய கோப்புறை சேவையகத்தில் அப்படியே இருத்தல் கூடும்.

மீட்சிப் பிழை பெரும்பாலும் மறைவாகவே நிகழ்வது. விடுபதிகை செய்யாது மின்னை நிறுத்தினால் அன்றைய மாற்றங்கள் சேவையகத்துக்குச் செல்லா. சேவையகத்தில் இடம் நிறைந்திருப்பினும், கோப்புப் பாதையின் பெயர் மிக நீண்டிருப்பினும் படியெடுத்தல் இடையில் தடைப்படும். ஒருவரே இரு கணினிகளில் ஒரே வேளையிற் புகுந்திருந்தால் முரண் நேரும். விண்டோஸ் 2000 முதற் கோப்புகள் தனித்தனியே ஒப்பிடப்பட்டுப் புதியது காக்கப்படுகின்றது. ஆயினும், ஒழுங்குகளைக் கொண்ட ‘என்ரியூசர்.டாற்’ ஒரே கோப்பாதலின், இறுதியில் விடுபதிகை செய்த கணினியின் படியே நிற்கும். மற்றதில் மாற்றிய ஒழுங்குகள் மறையும்.

எவ்விடத்துப் பிழையென அறியச் சான்று வேண்டின், ‘ஈவென்ற் வியூவர்’ என்னும் நிகழ்வுப் பதிவைப் பார்க்க. 1511 என்னும் எண் தற்காலிகக் கோவையையும், 1521 சேவையகப் படியை அடைய இயலாமையையும், 1504 மீட்சி நிறைவுறாமையையும், 1530 வேறொரு மென்பொருள் பதிவேட்டுக் கோப்பை விடாது பற்றியிருந்தமையையும் உணர்த்தும்.

வருமுன் காத்தலுக்கும் வழி உண்டு. பெட்டி கனத்தாற் பயணம் மெதுவாகும். முகப்புத்திரையிலும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலும் படங்களும் ஒளிப்பதிவுகளும் குவிந்தால் ஒவ்வொரு புகுபதிகையும் நீளும். ஆவணக் கோப்புறைகளைச் சேவையகத்திலேயே நிலையாக வைத்து, எந்தக் கணினியிலிருந்தும் அங்கேயே திறக்குமாறு திருப்பிவிடின், கோவை சிறுத்துவிடும். அது பழுதுற்றாலும் ஆவணங்கள் பிழைக்கும்.

கணினிப் பொறுப்பேற்றிருக்கும் பழைய மாணவரும், நாளை அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் இளைய மாணவரும் ஒன்றை நெஞ்சிற் கொள்வாராக. அழித்து மீள அமைத்தல் விரைவானதே. ஆயின், அழிக்கப்படுவது பிறர் உழைப்பு. முதலிற் படியெடுக்க, பின்னர்ப் பிழையின் இடத்தைத் துணிக, திருத்தம் அதன் பின்னரே.