குறி தப்புதா? வில்லை மாத்துறதுக்கு முன்னாடி அம்பைப் பாருங்க!

வார இறுதியில் வில்வித்தை பழகுகிறீர்கள். கை ஓரளவு நிலைப்பட்டுவிட்டது. ஆனாலும் அம்புகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. உடனே ஆன்லைனில் விலை கூடிய வில்லைத் தேட வேண்டாம். உங்கள் வில்லுக்குப் பொருந்தாத அம்பை விட்டுக்கொண்டிருக்கலாம்.

ஒலிம்பிக்கில் பயன்படும் ரிகர்வ் வில்லில் நாணை விரலால்தான் விடுகிறோம். அது விரலைவிட்டு நழுவும்போது சற்றே பக்கவாட்டில் போகும். அந்தத் தள்ளலில் அம்பு வளைந்து, மீன் மாதிரி நெளிந்துகொண்டே வில்லைத் தாண்டுகிறது. ஸ்லோ மோஷன் வீடியோவில் இது நன்றாகத் தெரியும். நெளிவது குறை இல்லை. அளவாக நெளிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவுக்குப் பெயர் 'ஸ்பைன்'. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் அம்பை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் அது 500 ஸ்பைன். எண் குறையக் குறைய அம்பு விறைப்பானது. கடையில் பலரும் குழம்புவது இங்கேதான்.

வில்லின் இழுவிசை கூடினால் விறைப்பான அம்பு வேண்டும். அம்பு நீளமானாலோ, முனை கனமானாலோ அது அதிகம் வளையும். அதனால நண்பரோட அம்பு உங்களுக்கும் சரியா வரும்னு சொல்ல முடியாது. லிம்பில் அச்சிட்ட பவுண்டையும் அப்படியே நம்பாதீர்கள். அது பொதுவாக 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. நீங்கள் இழுக்கும் நீளத்தில் தராசு வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

பொருத்தம் பார்க்க எளிய சோதனை உண்டு. 18 மீட்டரில் இறகுள்ள அம்புகள் மூன்றும், இறகில்லாதவை இரண்டும் விடுங்கள். இறகில்லாதவை கீழே விழுந்தால், நாணில் அம்பு மாட்டும் இடத்தைச் சற்று இறக்குங்கள். மேலே போனால் ஏற்றுங்கள். இதை முதலில் சரிசெய்துவிடுங்கள். வலக்கைக்காரருக்கு அவை இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு அதிகம். வலப்பக்கம் போனால் குறைவு. இடக்கைக்காரருக்கு நேர்மாறு. சிறிய வித்தியாசத்தைப் பிளன்ஜர் ஸ்பிரிங்கிலேயே சரிக்கட்டலாம்: விறைப்பென்றால் ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் இறுக்குங்கள்.

அம்பை வெட்டிச் சரிசெய்வது கடைசி வழி. வெட்டியதை ஒட்ட முடியாது. ரொம்பக் குட்டையான அம்பு, முழுதாக இழுக்கும்போது தாங்கியிலிருந்து நழுவி வில் பிடித்த கையையே துளைக்கலாம். கார்பன் அம்பில் கீறல் தெரிந்தால் விலையைப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்; அது நாண் விடும்போதே உடையக்கூடும்.