உழைப்புக் கணக்கில் உங்கள் வீட்டுப் பெண்கள் இருக்கிறார்களா?

‘வறுமை குறைந்துவிட்டது. வேலை செய்யும் பெண்கள் அதிகரித்துவிட்டார்கள்’ என்று செய்திகளில் படிக்கிறோம். ‘அப்படியானால் நம் கையில் ஏன் காசு நிற்பதில்லை?’ என்பதுதான் பல விவசாயிகளின் கேள்வி. இந்தக் கணக்குகள் எதை அளக்கின்றன என்று தெரிந்துகொண்டால், விடை கிடைத்துவிடும்.

வறுமைக் கணக்கு

நிதி ஆயோக் 2023-ம் ஆண்டு வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, 2019-21 காலகட்டத்தில் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவிகிதம். இந்திய அளவில் 14.96 சதவிகிதம். ஆனால், இந்தக் கணக்கு வருமானத்தைக் கேட்பதில்லை. ஊட்டச்சத்து, படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு உள்ளிட்ட 12 அம்சங்களைப் பார்க்கிறது. கேஸ் அடுப்பும் கழிப்பறையும் வந்தது நல்ல முன்னேற்றம்தான். அதே வீட்டின் நகை அடகுக்கடையில் இருப்பதும், தக்காளிக்குப் பறிப்புக்கூலிகூட கிடைக்காததும் இதில் தெரியாது.

உழைப்புக் கணக்கு

15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே தொழிலாளர் பங்கேற்பு விகிதம். மத்திய அரசின் காலமுறை தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2017-18-ல் கிராமப்புறப் பெண்களில் இது 24.6 சதவிகிதம். 2023-24-ல் 47.6 சதவிகிதம். கூடியவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்குபவர்கள் அல்ல. சொந்த நிலத்தில் கூலியில்லாமல் களை எடுப்பவரும் இதில் அடக்கம்.

அதனால் ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒரு பகுதியை எடைபோடக் கூடாது. இமாச்சலப் பிரதேசம், சத்தீஸ்கர் இரண்டிலும் பெண்களின் பங்கேற்பு தேசிய சராசரியைவிட அதிகம். ஆனால், பல்பரிமாண வறுமை இமாச்சலில் 4.93 சதவிகிதம், சத்தீஸ்கரில் 16.37 சதவிகிதம். எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதோடு, அந்த உழைப்புக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கணக்கெடுப்பாளர் வந்தால்...

இது மாதிரிக் கணக்கெடுப்பு; எல்லா வீட்டுக்கும் வர மாட்டார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால், ‘அவங்க வீட்ல சும்மாதான் இருக்காங்க’ என்று ஆண்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். சமையல், விறகு சேகரிப்பு ஆகியவை மட்டும் என்றால் அவர் ‘வீட்டு வேலை’ பட்டியலில்தான் சேர்வார். மாடு பராமரித்துப் பால் கறப்பது, நாற்று நடுவது, ஆடு, கோழி வளர்ப்பது எல்லாம் பொருளாதார வேலை. வருடத்தில் 30 நாள்கள் செய்தாலே துணை வேலையாகப் பதிவாகும்.

அந்த வேலைகளையும் நாள்களையும் பெண்களே சொல்லட்டும். ஏட்டில் ‘விவசாயி’ என்று ஏறாதவரை, அவர்களுக்கான திட்டங்களையும் யாரும் யோசிக்கப்போவதில்லை.